கோல் விழுந்த பிறகு எத்தனை விநாடி கழித்துக் கத்துவது?

மூலைக்கொடி:

வார இறுதியில் என் ஒன்பது வயது மகளுடன் ஒரு கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆதரிக்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல் அடித்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன். அவளோ உட்கார்ந்த இடத்திலேயே திரையைப் பார்த்தபடி, "அப்பா, இப்போதே கத்தலாமா, இல்லை இன்னும் பார்ப்பார்களா?" என்று கேட்டாள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து, முன்கள வீரரின் தோள் சற்றே முன்னால் இருந்ததாகக் கோடு போட்டுக் காட்டி, கோல் செல்லாது என்று அறிவித்தார்கள்.

கோல் போனதைக்கூட மறந்துவிட்டேன். அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. நான் ஆட்டம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், பந்து வலைக்குள் போனதும் கண் தானாக ஓரக்கோட்டு நடுவரின் கொடியைத் தேடும். கொடி கீழே இருந்தால் மகிழ்ச்சி முழுவதும் நம்முடையது. இன்றைய பிள்ளைகள் மகிழ்வதற்கு முன்பே அனுமதி கேட்கப் பழகிவிட்டார்கள்.

விஏஆர் முறையே (வீடியோவைப் பார்த்துக் கள நடுவரின் முடிவைச் சரிபார்ப்பது) வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. ஆஃப்சைட் விதி (பந்து தட்டப்படும் கணத்தில், அதைப் பெறும் சக வீரர் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைத் தாண்டி நிற்கக் கூடாது என்பது) எந்த நோக்கத்துக்காகப் பிறந்ததோ, அதற்கும் ஒரு தோளின் நுனிக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்பதுதான் என் கேள்வி. எதிரணியின் கோலுக்கு அருகே சும்மா காத்துக்கிடப்பவரைத் தடுக்கத்தானே அந்த விதி?

ஏழாம் எண்:

நோக்கத்தைப் பற்றிப் பேசுவதென்றால் விதியின் வயதையும் பார்த்துவிடுவது நல்லது. 1863-இல் லண்டனில் எழுதப்பட்ட முதல் விதிகளின்படி, பந்து உதைக்கப்படும்போது அதற்கு முன்னால் நிற்கும் சக வீரர் ஆட்டத்தில் தலையிடவே கூடாது; ஏறக்குறைய இன்றைய ரக்பியைப் போல. 1866-இல் அதைத் தளர்த்தி, எதிரணியினர் மூவர் தமக்கும் கோல் கோட்டுக்கும் இடையே இருந்தால் முன்னால் நிற்கலாம் என்றார்கள். தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு ஆஃப்சைட் இல்லை என்பது 1907-இல் வந்தது.

உண்மையான திருப்பம் 1925-தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் போன்ற தற்காப்பாளர்கள், மூவர் விதியை ஆயுதமாக்கிக்கொண்டு, ஒரே ஒரு அடி முன்னால் நகர்ந்து எதிரணி முழுவதையும் ஆஃப்சைடில் மாட்டிவிடும் கலையில் தேர்ந்திருந்தார்கள். ஆட்டம் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒரு குறுகிய பட்டைக்குள் சுருண்டுபோயிற்று. ஆகவே மூவர் என்பதை இருவராகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் 1924-25 பருவத்தில் மொத்தம் 4,700 கோல்கள் விழுந்திருந்தன. அதே எண்ணிக்கையிலான ஆட்டங்களில் அடுத்த பருவத்தில் 6,373 விழுந்தன. எவர்ட்டனின் டிக்ஸி டீன் 1927-28-இல் லீக்கில் மட்டும் 60 கோல் அடித்ததற்கும் இந்த மாற்றம் திறந்துவிட்ட வெளிக்கும் தொடர்பில்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அந்த வெளியை அடைக்கத்தான் ஆர்சனலில் பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தற்காப்பாளராக நிறுத்தினார். விதியில் ஓர் எண் மாறியது. அணி நிற்கும் வடிவமே மாறிப்போயிற்று.

1990-இல் இன்னொரு சிறிய திருத்தம் வந்தது. அதுவரை கடைசிக்கு முந்தைய எதிரணி வீரருடன் சமமாக நின்றாலும் ஆஃப்சைட். அன்றிலிருந்து சமமாக நின்றால் சரி. இந்த வரிசையைப் பாருங்கள்: ஒவ்வொரு திருத்தமும் தாக்குபவரின் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. அளக்கும் கருவி வந்த பிறகுதான், ஒரு சொல்கூட மாறாமலே விதி தற்காப்பவரின் பக்கம் நகர்ந்துவிட்டது. நண்பர் மூலைக்கொடியின் மகளுடைய கேள்விக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

கொடிக்காரர்:

பதினோரு ஆண்டுகள் சிறிய போட்டிகளில் ஓரக்கோட்டில் கொடி பிடித்து ஓடியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொடியை நீங்கள் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே புனிதமாக்குகிறீர்கள்.

ஓரக்கோட்டில் நிற்பவர் ஒரே கணத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். பந்தைக் கால் தொடும் கணம் முப்பது, நாற்பது மீட்டருக்கு அப்பால் நடக்கிறது. கடைசித் தற்காப்பாளரும் முன்கள வீரரும் எதிரெதிர்த் திசையில் கடந்துபோவதோ கண்ணுக்கு நேரே நடக்கிறது. பார்வையை அங்கிருந்து இங்கே திருப்புவதற்குள் முன்கள வீரர் ஒரு நடை போட்டிருப்பார். போதாக்குறைக்கு, தற்காப்பு வரிசைக்கு மிகச்சரியான நேரில் நின்றால்தான் கோணம் ஏமாற்றாது. ஒரு மீட்டர் பின்தங்கிவிட்டால், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவரும் இந்தப் பக்கம் நிற்பவரும் இடம் மாறியதுபோலத் தெரிவார்கள். நான் தவறாகக் கொடி தூக்கிய நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தூக்காமல் விட்டவையும் உண்டு. ஆனால் அவற்றில் பல எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

ஆகவேதான் எங்களுக்கு, ஐயம் வந்தால் தாக்குபவருக்குச் சாதகமாக விடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது விதிப்புத்தகத்தில் எழுதப்பட்ட வாசகமன்று. மனிதக் கண்ணின் குறையை ஏற்றுக்கொண்ட ஒரு பழக்கம். ஏழாம் எண் சொல்லும் சாய்வு அங்கேதான் ஒளிந்திருந்தது. கருவிக்கு ஐயம் வராது. ஆகவே அந்தச் சலுகையும் போய்விட்டது.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. கோல் வாய்ப்பு கண்ணெதிரே இருந்தால் அந்தத் தாக்குதல் முடியும்வரை கொடியைத் தூக்காதே என்று இப்போது அறிவுறுத்துகிறார்கள். தெளிவான ஆஃப்சைட் என்று தெரிந்தும் வீரர்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் தைவோ அவோனியி அப்படியொரு தாமதமான கொடிக்கு முன் கோல் கம்பத்தில் மோதி, வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு நிமிடக் காத்திருப்பைவிட இதைத்தான் நான் முதலில் மாற்றுவேன்.

வலைக்காவலர்:

தாக்குபவர்களுக்காகக் கண்ணீர் விட இங்கே பலர் இருக்கிறீர்கள்; பின்னால் நிற்பவர்களுக்காக ஒருவனாவது பேச வேண்டும். ஒரு தற்காப்பு வரிசை நால்வரும் ஒரே மூச்சில் முன்னால் நகர்வது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் அரை விநாடி பிந்தினால் கதை முடிந்தது.

2022 நவம்பர் 22-ஆம் நாள் கத்தார் உலகக் கோப்பையில் நடந்த அர்ஜென்டினா - சவூதி அரேபியா ஆட்டத்தை நினைவுகூருங்கள். பயிற்சியாளர் எர்வே ரெனார்டின் சவூதி அணி நடுக்கோட்டுக்கு எட்டும் தூரத்தில் தற்காப்பு வரிசையை நிறுத்தியது. முதல் பாதியில் அர்ஜென்டினா மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியும் மூன்றும் ஆஃப்சைட் என்று ரத்தாயின. அவற்றுள் லவுதாரோ மார்ட்டினெஸின் ஒரு கோலில் வித்தியாசம் தோள் அளவுதான். இரண்டாம் பாதியில் ஐந்து நிமிட இடைவெளிக்குள் இரண்டு கோல் அடித்து சவூதி 2-1 என்று வென்றது. ஐயத்தின் பலனைத் தாக்குபவருக்குத் தரும் பழைய காலமாக இருந்திருந்தால் இடைவேளைக்குள் அந்த ஆட்டமே முடிந்திருக்கும். தோள் நுனியும் ஆஃப்சைட்தான் என்ற உறுதி இருந்ததால்தான் ஒரு சிறிய அணி அவ்வளவு உயரத்தில் நிற்கத் துணிந்தது. ஆகவே இதனால் அழகு போயிற்று என்று என்னிடம் சொல்லாதீர்கள். வேறொரு அழகு வந்திருக்கிறது.

கோடு என்றால் கோடுதான். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் உதைத்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர்கள் மட்டும் பார்க்கவில்லை. அன்று கருவி வேண்டும் என்று கேட்டவர்கள் இன்று கருவி அதிகமாகப் பார்க்கிறது என்று அழுதால் எப்படி?

மூலைக்கொடி:

சவூதி ஆட்டத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை, ஏற்றுக்கொள்கிறேன். லாம்பார்ட் எடுத்துக்காட்டை மட்டும் ஏற்க முடியவில்லை. கோல் கோட்டுக் கருவி முழுப் பந்தும் கோட்டைத் தாண்டிய ஒரு விநாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. 2014 உலகக் கோப்பையில் வந்த அந்தக் கருவியைப் பற்றி எந்த ரசிகரும் குறைசொல்லி நான் கேட்டதில்லை, ஏனென்றால் அது நம் மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே துல்லியம்தான் பிரச்சினை என்று நான் முதலில் எழுதியது தவறாக இருக்கலாம். காத்திருப்புதான் பிரச்சினையோ?

அரைவட்டம்:

துல்லியமும் பிரச்சினையாக இருந்தது. அதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். தொலைக்காட்சிக் கேமரா விநாடிக்கு 50 படங்கள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படங்களுக்கு இடையே 0.02 விநாடி. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அவருக்கு எதிர்த்திசையில் தற்காப்பாளர் அதில் பாதி வேகத்தில் முன்னேறினால், இருவருக்கும் இடையிலான தூரம் 24 சென்டிமீட்டர் மாறிவிடும். கால் பந்தைத் தொட்ட கணம் இந்தப் படத்திலா அடுத்த படத்திலா என்று ஒருவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பிறகு அதன்மேல் ஒரு மெல்லிய கோட்டை வரைந்து, அக்குள் அளவு வித்தியாசத்துக்குக் கோலை ரத்து செய்தார்கள். முழக்கோலால் அளந்துவிட்டு மயிரிழைக்குத் தீர்ப்புச் சொன்ன கதைதான் அது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் விஏஆர் வந்த 2019-20 பருவத்தில் எழுந்த கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. 2021-இல் அவர்களே தடித்த கோடுகளுக்கு மாறி, சிறிய வித்தியாசங்களைத் தாக்குபவருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

2022 உலகக் கோப்பையின் முறை வேறு. கூரைக்கு அடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த உணரி விநாடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. உதைத்த கணத்தை இனி எவரும் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை. பிழை முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் சண்டை போடும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்சனலின் முன்னாள் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் முன்வைத்த யோசனையைப் பலர் தீர்வாகக் கருதுகிறார்கள். கோல் அடிக்கக்கூடிய உடல்பகுதியில் ஏதாவது ஒன்று தற்காப்பாளருடன் சமமாக இருந்தால் போதும், முழு உடலும் தாண்டினால்தான் ஆஃப்சைட் என்பது அவர் கருத்து. அதனால் கோல்கள் கூடலாம். தகராறு குறையாது. இன்று தோள் நுனியை அளப்பவர்கள் நாளை குதிகாலின் நுனியை அளப்பார்கள். கோட்டை எங்கே தள்ளி வைத்தாலும் அதன் விளிம்பில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மேலும், வலைக்காவலர் சொன்ன அந்த உயரமான தற்காப்பு வரிசை அன்றோடு காணாமல் போய்விடும்; அரை மீட்டர் முன்னால் ஓடத் தொடங்கும் வேகக்காரரைத் துரத்திப் பிடிக்க எவராலும் முடியாது என்பதால், எல்லா அணிகளும் பெனால்டிப் பகுதிக்குள் பதுங்கிவிடும்.

வடக்கு மேடை:

நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறீர்கள். உங்களுக்குக் கோடாவது காட்டுகிறார்கள். மைதானத்தின் பார்வையாளர் மேடையில் நிற்கும் எங்களுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. நடுவர் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்; பெரிய திரையில் பரிசோதனை நடக்கிறது என்று ஒரு வரி வரும்; நாற்பதாயிரம் பேர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் காத்திருப்போம். பணம் கொடுத்து நேரில் வந்தவருக்குத்தான் விஷயம் கடைசியாகத் தெரிகிறது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தார்கள்; நல்ல மாற்றம், ஆனால் அது முடிவைத்தான் சொல்கிறது. அந்த இடைப்பட்ட நேரத்தில் மேடையில் ஒரு பாட்டுகூட எழாது. சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அமைதி எவ்வளவு கசப்பானது என்று.

ஸ்வீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களான ரசிகர்களின் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உறுப்பினர்கள் தங்கள் கிளப் கூட்டங்களில் வாக்களித்தே விஏஆர் வேண்டாம் என்று தடுத்தார்கள். 2024-இல் அந்நாட்டுச் சங்கமும் அதைக் கைவிட்டது. நார்வேயில் அதே ஆண்டு ஜூலையில் ரோசன்போர்க் - லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்து மைதானத்துக்குள் மீன் கட்லெட்டுகளையும் டென்னிஸ் பந்துகளையும் வீசினார்கள். ஆட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. (மீன் கட்லெட்டைத் தேர்ந்தெடுத்தவரைச் சந்தித்துக் கைகுலுக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.) இங்கிலாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பு வுல்வ்ஸ் கிளப் விஏஆரை நீக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தது, 19-1 என்று தோற்றது. ரசிகர்கள் வாக்களித்த இடத்தில் ஒரு விடையும், உரிமையாளர்கள் வாக்களித்த இடத்தில் வேறு விடையும் வந்திருப்பது தற்செயலா?

இதில் ஒரு வேடிக்கை வேறு. கோல் அடித்த மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றும் வீரருக்கு மஞ்சள் அட்டை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோலைப் பிறகு விஏஆர் ரத்து செய்தாலும் மஞ்சள் அட்டை நிற்கும். கோல் நடக்கவில்லை, ஆனால் அதற்காக மகிழ்ந்த குற்றம் நடந்துவிட்டது!

கொடிக்காரர்:

வடக்கு மேடையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முடிவில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்துக்கு வாரம் தவறான கொடியால் தோற்ற அணியின் ரசிகர்களும் அதே மேடையில்தான் நின்றார்கள். 1986-இல் மரடோனா கையால் தட்டிக் கோல் அடித்ததைப் பார்க்காத நடுவரை நாற்பது ஆண்டுகளாகத் துரத்துகிறார்கள். ஒரு மனிதர் ஒரு கணத்தில் எதையோ காணாமல் விட்டதற்காக வாழ்நாள் முழுவதும் சுமப்பது நியாயமா? கருவி வந்தால் அந்தச் சுமையாவது இறங்கும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை முழுமையாகப் பலிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குக் களத்தில் ஆஃப்சைட் கொடி எழுந்தது. விஏஆர் அறையில் இருந்தவர்கள் அது ஆஃப்சைட் இல்லை என்று சரியாகவே கண்டார்கள். ஆனால் களத்தில் கோல் என்று முடிவாகியிருப்பதாக நினைத்துக்கொண்டு, பரிசோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். தவறு புரிவதற்குள் ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு பின்னோக்கிச் செல்ல விதியில் இடமில்லை. கோடு சரியாக இருந்தது, அளவு சரியாக இருந்தது, இரண்டு மனிதர்களுக்கு இடையிலான ஒரு வாக்கியம் பிசகிவிட்டது.

வலைக்காவலர்:

ஒரு பழைய கதை. 1992-இல், சக வீரர் காலால் வேண்டுமென்றே தட்டிவிடும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தபோது, எங்கள் இனமே அழிந்தது என்று நாங்கள் புலம்பினோம். 1990 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்தான்; முன்னிலை பெற்ற அணி பந்தைப் பின்னால் தட்டி, கீப்பர் எடுத்து, உருட்டி, மீண்டும் வாங்கி நேரத்தைத் தின்றதை ஒழிக்கத்தான் அந்த மாற்றம். முதல் ஆண்டு கீப்பர்கள் பந்தைக் காலால் உதைக்கத் தெரியாமல் பார்வையாளர் மேல் உதைத்தார்கள். இன்று காலில் திறமை இல்லாத கீப்பரைப் பெரிய அணிகள் வாங்குவதே அரிது. ஆட்டம் விதியை விழுங்கிச் செரித்துவிடும். கொஞ்சம் காலம் பிடிக்கும். இப்போது பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று புதிதாக வந்திருக்கிறது. அதற்கும் புலம்பத் தொடங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அரைவட்டம்:

கீப்பர்கள் பழகிக்கொண்டது போல ரசிகர்களும் பழகிக்கொள்வார்கள் என்பது சரியான ஒப்புமை இல்லை. கீப்பருக்குப் புதிய திறமை கிடைத்தது. ரசிகருக்கு என்ன கிடைத்தது? ஆனால் ஒன்று: ஆஃப்சைடை மட்டும் எடுத்துக்கொண்டால், காத்திருப்பு குறைந்துகொண்டேதான் வருகிறது. கருவி தானாகக் கணக்கிட்டுச் சொல்லும் முறை பிரீமியர் லீக்கிலும் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. கோல் கோட்டுக் கருவியைப் போல அதுவும் ஒரு நாள் துணை நடுவரின் காதில் உடனடியாக ஒலித்தால், மூலைக்கொடி மீண்டும் கொடியைப் பார்க்கலாம். பந்தைக் கையால் தொடும் குற்றமும் பெனால்டியும் வேறு வகை. அவற்றை எந்த உணரியும் தீர்க்காது, ஏனென்றால் அங்கே அளப்பது தூரத்தை இல்லை, எண்ணத்தை.

மூலைக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. அரைவட்டம் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். 24 சென்டிமீட்டர் என்றதும் அளவுகோலை எடுத்துவந்து சுவரில் வைத்துப் பார்த்தாள், "இவ்வளவு தெரியாமலா கோடு போட்டார்கள்?" என்றாள். வடக்கு மேடை சொன்ன மஞ்சள் அட்டைக் கதைக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேற்று இன்னொரு ஆட்டம் பார்த்தோம். கோல் விழுந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை, கத்திவிட்டாள். பரிசோதனை முடிந்து கோல் உறுதியானதும் இரண்டாம் முறையும் கத்தினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. கையால் எறியும் த்ரோ-இன்னில் ஆஃப்சைட் உண்டா? கொடிக்காரர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

கொடிக்காரர்:

இல்லை. த்ரோ-இன், கார்னர், கோல் கிக் ஆகிய மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்தைப் பெறுபவருக்கு ஆஃப்சைட் கிடையாது. எறிந்த பந்தை இடையில் சக வீரர் ஒருவர் தொட்டுவிட்டால், அந்தத் தொடுகையிலிருந்து வழக்கமான விதி தொடங்கிவிடும். பெரியவர்களின் ஆட்டங்களிலேயே பல தற்காப்பாளர்கள் இதை மறந்து, த்ரோ-இன்னுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: விளையாடப் போனால் அப்போது அவர்களுக்குப் பின்னால் ஓடிப்போய் நிற்கட்டும்.